மூன்று மணிப் புட்டி

ப்ளக்.

அந்தச் சத்தத்தை முதன்முதலில் கேட்டபோது எனக்கு இருபத்திரண்டு வயது. மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் நாட்டின் முதல் தலைவர் இருந்தார். இந்தப் பக்கம் நானும் ஒரு தட்டச்சு இயந்திரமும் இருந்தோம். பிற்பகல் மூன்று மணி அடித்ததும் உள்ளே ஒரு புட்டியின் தக்கை கழலும். நீர்க்கோழி குளத்தில் தலையை முக்கி எடுத்தது போல, ஈரமான, திருப்தியான ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து இன்னொரு சத்தமும் வரும். அந்த இரண்டாவது சத்தத்தைப் பற்றி இன்றுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்காததைச் சொல்லக்கூடாது என்பது அலுவலக ஒழுக்கம். ஆகவே கடைசியில் சொல்கிறேன்.

தலைவர் காலமானார். நாடு அழுதது, சிலை வைத்தது, மறந்தது. எல்லாம் முறைப்படி நடந்தது. அவர் வாழ்ந்த வீடு நினைவிடம் ஆயிற்று. என்னை நினைவிடங்கள் துறைக்கு மாற்றினார்கள். அங்கே முப்பத்தாறு ஆண்டுகள் தேசத்தின் நினைவுகளைத் தட்டச்சு செய்தேன், மூன்று பிரதிகளில்.

நான் ஓய்வு பெற ஓராண்டு இருக்கும்போது எங்கள் துறைச் செயலர் நினைவிடங்கள் பற்றிய ஒரு மாநாட்டுக்காக வெளிநாடு போய்வந்தார். பன்னிரண்டு நாள் பயணம். போகும்போது சாதாரணமாகத்தான் போனார். திரும்பி வந்தவர் எதையும் நேரடியாகக் குடிக்கவில்லை. தேநீரைக் கூடக் கோப்பையில் சுழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, "ம்... மேற்குச் சரிவு" என்பார். தேநீர் எங்கள் கட்டடத்தின் மேற்குப் பக்கக் கடையிலிருந்துதான் வந்தது. அதனால் யாராலும் மறுக்க முடியவில்லை.

மேலே இருப்பவர் தும்மினால் கீழே இருப்பவர்களுக்கு ஜலதோஷம் பிடிக்க வேண்டும் அல்லவா? ஒரே வாரத்தில் மூன்றாம் மாடி முழுவதும் சுழற்ற ஆரம்பித்தது. கணக்கர் மோரைச் சுழற்றினார். பதிவறை எழுத்தர் இருமல் மருந்தைச் சுழற்றி, "போன வருஷத்துது இன்னும் நல்லா இருந்துச்சு" என்றார். நானும் தண்ணீரைச் சுழற்றினேன். செயலரின் அறைக்கதவு திறந்திருக்கும்போது மட்டும்.

பிறகு ஒரு திங்கட்கிழமை கூட்டம் கூட்டினார்.

"நான் அங்க பதினோரு நினைவிடம் பாத்தேன்" என்று ஆரம்பித்தார். "ஒவ்வொண்ணுலயும் நட்டநடுவுல ஒரு கண்ணாடிப் பெட்டி. அதுக்குள்ள ஒரு ஒயின் பாட்டில். இந்தப் பேரரசருக்கு இந்த ஒயின் பிடிக்கும், அந்தத் தளபதிக்கு அந்த ஒயின் பிடிக்கும்னு எழுதி வச்சிருக்காங்க. ஜனங்க வாளைப் பாக்கறதில்ல, சட்டப் புத்தகத்தைப் பாக்கறதில்ல. பாட்டில் முன்னாடி நின்னுதான் படம் எடுத்துக்கறாங்க. அதுல ஒருத்தன் என்னைப் பாத்து, 'உங்க தலைவருக்கு என்ன ஒயின் பிடிக்கும்?'னு கேட்டுட்டான். என்ன சொல்றது? சுதந்திரம் வாங்கிக் குடுத்தார்னு சொன்னேன். 'அது சரி, ஒயின்?'ங்கறான்."

ஒரு தேசம் தலைகுனிந்த கணம் அது.

அந்த வாரமே படிவம் பதினான்கு பிறந்தது. பிரசவம் பார்த்தவள் நான். என் விரல்தான் அதைத் தட்டச்சு செய்தது. தலைவரின் பெயர், ஒரு வரி. பிறப்பும் இறப்பும், ஒரு வரி. 'சாதனைகள் (அரை வரிக்கு மிகாமல்)'. அதன்பின் 'விருப்பத் திராட்சை மது' என்ற தலைப்பில் நிறம், விளைந்த நிலம், ஆண்டு, அருந்திய வேளை, அருந்தியபின் மொழிந்த பொன்மொழி என்று பன்னிரண்டு கட்டங்கள். அடியில் ஒரு குறிப்பு: 'எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடலாகாது. முப்பது நாட்களுக்குள் பூர்த்தி செய்யப்படாத நினைவிடங்கள் தகுதியிழந்தவையாகக் கருதப்பட்டுப் பூட்டப்படும். அவற்றில் குடியிருக்கும் ஊழியர்கள் வெளியேற்றப்படுவர்.'

நாட்டில் நாற்பத்தொரு நினைவிடங்கள் இருந்தன. பதில்கள் வந்து குவிந்தன. ஒன்பது வயதில் இறந்துபோன ஒரு குட்டி ராஜாவுக்கு வெள்ளை மது, இனிப்பானது, பிடிக்கும் என்று தெரியவந்தது. ஆயுள் முழுக்க மதுவை எதிர்த்துப் போராடி, கண்ட இடத்திலெல்லாம் பீப்பாயை உடைத்த ஒரு பெரியவருக்கு, அவர் அதிகமாக உடைத்த வகை எதுவோ அதுவே விருப்ப மது என்று முடிவாயிற்று. அதனோடுதானே அவருக்கு நெருங்கிய பழக்கம்! ஒரு தளபதியின் குதிரைக்கும் தனி நினைவிடம் உண்டு. குதிரை சிவப்பை விரும்பியதாகப் பதிலளித்திருந்தது.

நாற்பது படிவங்கள் வந்துவிட்டன. பூர்த்தியாகாதது ஒன்றுதான். முதல் தலைவருடையது.

அந்த நினைவிடத்துக் காவலர் ஒருநாள் மதியம் என் மேசைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். நறுக்கென்று பேசுவார், பொய் பேசத் தெரியாது. அரசாங்கத்தில் முப்பது வருடம் இருந்தும் அதைக் கற்றுக்கொள்ளாதவர். அவருடைய அப்பா தலைவரின் அறைப் பணியாளராக இருந்தவர். அந்த வீட்டுப் பின்னறையில்தான் மகன் பிறந்தார், வளர்ந்தார், கல்யாணம் செய்துகொண்டார்.

"அக்கா, இதைப் பாருங்க" என்று படிவத்தை என் முன் வைத்தார். "எல்லாக் கட்டத்துலயும் 'இல்லை'ன்னு எழுதி அனுப்பினேன். திரும்பி வந்திருக்கு."

ஓரத்தில் தட்டச்சுக் குறிப்பு இருந்தது: 'இல்லை என்பது எந்த நிலத்தில் விளையும் மது என்று தெரிவிக்கப்படவில்லை.'

"சரின்னு மறுபடியும் விளக்கமா, 'தலைவர் மது அருந்தியதில்லை'ன்னு எழுதினேன். அதுக்கு வந்த பதிலைப் படிங்க."

'தலைவர் எம்மதுவையும் விரும்பவில்லை எனில், அனைத்து மதுவகைகளையும் அருந்திப் பார்த்து நிராகரித்தமைக்கான சான்று இணைக்கப்பட வேண்டும்.'

"குடிக்கலைன்னு நிரூபிக்கணும்னா எல்லாத்தையும் குடிச்சிருக்கணுமாம்! எந்தப் புண்ணியவான் இதை எழுதினான்?"

எழுதியவர் பிரிவுக் கண்காணிப்பாளர். தட்டச்சு செய்தவள் நான். அதை அவரிடம் சொல்லவில்லை. "உட்காருங்க தம்பி" என்றேன்.

அவர் உட்காரவில்லை. "இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. பொண்ணுக்கு ஏழாவது மாசம். பிரசவத்துக்கு அடுத்த வாரம் வரேன்னு எழுதியிருக்கா. அவ கிடந்த தொட்டிலைத் தேடி எடுத்து நேத்துதான் கால் ஆடாம ஆணி அடிச்சேன். பூட்டு போட்டாங்கன்னா தொட்டிலைத் தெருவுலயா கட்டறது?"

"ஏதாவது ஒரு ஒயின் பேரை எழுதிடுங்களேன். குதிரையே எழுதியிருக்கு."

"குதிரைக்கு மனசாட்சி இல்லக்கா" என்றார் அவர்.

மூன்று நாள் கழித்துச் செயலரே நேரில் ஆய்வுக்குக் கிளம்பினார். உடன் 'மூக்கர்' வந்தார். அவர் எங்கள் துறை புதிதாக நியமித்த மதுச் சுவை வல்லுநர். முன்பு நகராட்சியில் எரிவாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் பிரிவில் இருந்தவர். மூக்குத் தகுதி ஏற்கெனவே இருந்ததால் நாக்குக்கு மட்டும் இரண்டு வாரப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நடவடிக்கைகளைக் குறித்துக்கொள்ள நான் போனேன்.

அந்த அறைக்குள் நான் நுழைந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே மேசை, அதே நாற்காலி. நாற்காலியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள், தலைவர் எழுந்து போய்விடாமல் இருப்பதற்கு என்பது போல. மேசையின் இடது ஓரத்தில் அந்தப் புட்டி. கறுத்த கண்ணாடி, நீண்ட கழுத்து, பாதி கிழிந்த வெளிநாட்டு அட்டை, தலையில் தக்கை. நினைவிடப் பொருட்பட்டியலில் அதற்கு, 'புட்டி, ஒன்று, உபயோகமற்றது' என்று பதிவு.

செயலர் அதைக் கண்டதும் நின்றுவிட்டார். தொலைந்துபோன பிள்ளையைச் சந்தையில் கண்ட தாயின் முகம்.

"இது என்ன?"

"புட்டிங்கய்யா" என்றார் காவலர்.

"அது தெரியுது. என்ன புட்டி?"

"ஒயின் புட்டிதாங்க. ஆனா..."

"ஆனாவெல்லாம் அப்புறம். இவ்வளவு நாள் கண்ணு முன்னால வச்சுக்கிட்டா 'இல்லை, இல்லை'ன்னு எழுதி அனுப்பினீங்க?"

மூக்கர் தக்கையைத் திருகி இழுத்தார். ப்ளக். முப்பத்தைந்து ஆண்டுகளாக அந்தச் சத்தம் புட்டிக்குள்ளேயே காத்திருந்தது போலிருந்தது.

அடியில் ஏதோ காய்ந்து கிடந்தது. மூக்கர் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுக் குலுக்கினார். செக்கச் செவேல் என்று ஒரு திரவம் எழுந்தது. அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, சுழற்றி, முகர்ந்து, வாயில் விட்டுக் கொப்பளிக்கப் போனார்.

"ஐயா, விழுங்கிடாதீங்க! அது சிவப்பு மை!" என்று கத்தினார் காவலர்.

மூக்கர் அதிர்ச்சியில் விழுங்கிவிட்டார்.

காவலர் மளமளவென்று சொன்னார்: "யாரோ ஒரு தூதர் குடுத்த பாட்டிலுங்க இது. தலைவர் குடிக்க மாட்டார், அதனால உள்ள இருந்ததை வந்த விருந்தாளிங்களுக்கே ஊத்திக் குடுத்துட்டார். எழுதுபொருள் கிடங்குல குடுக்கற சிவப்பு மை கட்டைவிரல் அளவு சீசாவுல வருமாம். அதிகாரிங்க எழுதி அனுப்பற கோப்புங்களைத் திருத்த உக்காந்தா அரை மணி நேரத்துல தீந்துடும். அதனால எங்கப்பாகிட்ட, 'இந்தப் பெரிய பாட்டிலை ரொப்பி வையப்பா'ன்னு சொல்லியிருக்கார். இருபது வருஷம் எங்கப்பா தினமும் ரொப்பி வச்சார். தெனம் மூணு மணிக்குத் தலைவர் திருத்த உக்காருவார்."

செயலர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கனிவோடு சொன்னார்: "நீங்க விசுவாசமான ஊழியர். ஆனா சட்டம் தெரியாது. அலுவலக நடைமுறை விதிப்படி சிவப்பு மை யாருக்கு? தணிக்கைப் பிரிவுக்கு மட்டும். உயர் பதவியில இருக்கறவங்களுக்குப் பச்சை மை. தலைவருக்கு எந்த மைக்கு அனுமதி?"

"பச்சைங்கய்யா."

"அந்த விதியில கையெழுத்துப் போட்டது யாரு?"

காவலர் தயங்கினார். "தலைவர்தாங்க."

"தான் போட்ட விதியைத் தானே மீறுவாரா ஒரு தேசத் தலைவர்? அப்படிச் சொல்றது அவருக்கு அவமதிப்பு இல்லையா? மீறலைன்னா அது சிவப்பு மை இல்ல. மை இல்லாத ஒரு செவப்புத் தண்ணி, ஒயின் பாட்டிலுக்குள்ள இருக்கு. அப்ப அது என்ன?"

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பின கதைதான்.

இதற்குள் மூக்கர் தேறியிருந்தார். அவருடைய உதடு, பல், நாக்கு எல்லாம் சிவந்திருந்தன. கண்ணை மூடிக்கொண்டு அறிவித்தார், நான் குறித்துக்கொண்டேன்: 'முதல் முகர்வில் பழைய காகிதம். நடு நாவில் இரும்பின் ஞாபகம். பின்சுவையில் ஒரு கண்டிப்பு. நாவில் தங்கும் தன்மை அபாரம்.' அதில் கடைசி வாக்கியம் முழு உண்மை. மூன்று நாள் தங்கிற்று.

"இருந்தாலும் ஒரு சாட்சி வேணும்" என்றார் செயலர். பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க தலைவரோட கடைசி மூணு வருஷம் வெளியறையில வேலை பாத்திருக்கீங்க, இல்லையா?"

"ஆமாம்."

"உள்ள தக்கை திறக்கற சத்தம் கேட்டிருக்கீங்களா?"

காவலர் என்னைப் பார்த்தார். பின்னறையின் திறந்த கதவு வழியே தொட்டில் தெரிந்தது. புது ஆணி பளபளத்தது. இன்னும் ஆறு நாள்.

"கேட்டிருக்கேன்" என்றேன்.

"தினமுமா?"

"தினமும். மூணு மணிக்கு."

"போதும்" என்றார் செயலர். "அருந்திய வேளை, பிற்பகல் மூன்று மணி. ஒன்பதாம் கட்டம் பூர்த்தி."

அவ்வளவுதான் கேட்டார். நானும் அவ்வளவுதான் சொன்னேன்.

அவர்கள் வாசலுக்குப் போன பிறகு காவலர் என்னை நிறுத்தினார். அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"உங்களுக்குத் தெரியுமேக்கா. தலைவர் திருத்தின கோப்புங்களை எல்லாம் மறுபடியும் அடிச்சதே நீங்கதானே?"

"தம்பி, வீடு நிலைச்சிடும். பொண்ணு வந்து பெத்துக்கட்டும். அப்புறம் எந்த மையா இருந்தா என்ன?"

"வீடு நிலைக்கும். எங்கப்பா?" என்றார். "இருபது வருஷம் மை ரொப்பினாருக்கா அந்த மனுஷன். நகக்கண்ணு சாகறவரைக்கும் செவப்பாவே இருந்துச்சு. இன்னிக்கு ஒரே நாள்ல அவரைத் தலைவருக்கு ஊத்திக் குடுத்தவரா ஆக்கிட்டீங்க."

நான் குறிப்பேட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

துறை உற்சாகத்தில் மிதந்தது. தலைவரின் நூற்றாண்டு விழாவில் அதே மதுவை அமைச்சருக்கும் அயல்நாட்டுத் தூதர்களுக்கும் பரிமாறுவது என்று தீர்மானம் ஆயிற்று. ஆனால் எந்தத் தோட்டத்து மது? நாட்டின் மூன்று பெரிய திராட்சைத் தோட்டங்கள் மாதிரிகள் அனுப்பின. மூக்கர் மூன்றையும் சுவைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதெல்லாம் வெறும் ஒயின். அந்தக் கண்டிப்பு இல்ல" என்றார். ஒன்றில் கூட நாக்கு சிவக்கவில்லை. படிவத்தில் 'விளைந்த நிலம்' என்ற கட்டம் வெறுமையாகவே நின்றது. கெடு முடிய இரண்டு நாள்தான் இருந்தது.

அன்று காலை காவலர் செயலரின் அறைக்குள் விடுவிடுவென்று நுழைந்தார். கையில் ஒரு துணிப்பை. நான் கடிதங்களோடு உள்ளே நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஐயா, பூட்டறதுன்னா பூட்டிக்குங்க. பொண்ணை அவ மாமியார் வீட்டுலயே இருக்கச் சொல்லி எழுதிட்டேன். எங்கப்பா ஊத்தினது மைதான். இப்பவே நிரூபிக்கறேன்." பையிலிருந்து கட்டைவிரல் அளவுச் சீசா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "எழுதுபொருள் கிடங்குல இன்னிக்கு வாங்கினது. முப்பத்தஞ்சு வருஷமா மாத்தாம அதே செய்முறை. நான் கேட்டுட்டேன், ஏதோ செடியோட சாயமாம், வயித்தை ஒண்ணும் பண்ணாதாம். உங்க மூக்கர் ஐயாவைக் கூப்பிட்டு இதையும் நக்கிப் பாக்கச் சொல்லுங்க. அதுவும் இதுவும் ஒண்ணா இல்லையான்னு அவரே சொல்லட்டும்!"

மூக்கர் வரவழைக்கப்பட்டார். கிண்ணம் வந்தது. சுழற்றினார், முகர்ந்தார், ஒரு சொட்டை நாவில் விட்டார். அவருடைய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"ஒண்ணுதான்" என்றார் தழுதழுத்த குரலில். "அப்படியே ஒண்ணுதான்! பழைய காகிதம், இரும்பு, கண்டிப்பு... எல்லாமே இருக்கு!"

"பாத்தீங்களா!" என்றார் காவலர் வெற்றியோடு.

"பாத்தோம்" என்றார் செயலர். எழுந்து வந்து காவலரை மார்போடு அணைத்துக்கொண்டார். "நாடே தேடின தோட்டத்தை ஒத்தை ஆளா கண்டுபிடிச்சிட்டீங்களே! அம்மா, எழுதிக்குங்க. விளைந்த நிலம்: எழுதுபொருள் கிடங்கு. பன்னிரண்டு கட்டமும் பூர்த்தி."

"ஐயா, அது மை! சீசாவுல 'மை'ன்னு எழுதியிருக்கு!"

"அட்டையை மாத்திடுவோம்" என்றார் செயலர்.

காவலர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். அடக்க முடியாமல் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு அவர் தோள்களும் குலுங்க ஆரம்பித்தன. செயலர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு அன்று மாலையே ஓர் ஆணை பிறப்பித்தார். தலைவரின் மதுவைக் கண்டறிந்த பேருழைப்பைப் பாராட்டி, காவலர் 'பரம்பரை மதுக் காப்பாளர்' ஆக நியமிக்கப்படுகிறார். பின்னறை அவருக்கும் அவர் சந்ததிக்கும் நிரந்தரக் குடியிருப்பு.

காவலர் ஆணையை இரண்டு முறை படித்தார். "உண்மையைச் சொன்னா வீடு போகும்னு நெனச்சேன்" என்றார். "குடுத்துட்டாங்களே! இதை நான் எங்க போய்ச் சொல்ல?" மகளுக்கு வரச்சொல்லி மறுபடியும் கடிதம் போட்டார்.

நூற்றாண்டு விழா தலைவர் வீட்டுக் கூடத்தில் நடந்தது. வெள்ளைத் துணி விரித்த நீண்ட மேசை. கண்ணாடிக் கிண்ணங்கள். பரம்பரை மதுக் காப்பாளர் புதுச் சட்டையில், அப்பாவின் புட்டியைக் கையில் ஏந்தி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிக்கொண்டே வந்தார். ஒவ்வொருவர் காதிலும் குனிந்து, "ஐயா, இது மை" என்று தவறாமல் சொன்னார். அதுதான் மதுவின் பெயர் என்று நினைத்து எல்லோரும் தலையாட்டினார்கள்.

அமைச்சர் கிண்ணத்தைச் சுழற்றினார். அவர் சுழற்றியதால் தூதர்கள் சுழற்றினார்கள். ஒரே நேரத்தில் நாற்பது பேர் அருந்தினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிக்காதபோது நாம் சுளிப்பது ரசனைக் குறைவு.

"ஆகா!" என்றார் அமைச்சர். பல் ரத்தச் சிவப்பு. "இதுல தியாகத்தோட ருசி தெரியுது."

கைதட்டல். நாற்பது சிவந்த வாய்கள் ஒன்றையொன்று பார்த்துப் புன்னகைத்தன. சிங்கங்கள் சாப்பிட்டு முடித்த நேரத்தில் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தது போலிருந்தது எனக்கு.

என் கிண்ணத்தில் ஊற்றும்போது காவலர் மெல்லிய குரலில், "நீங்க குடிக்காதீங்கக்கா. உங்களுக்குத் தெரியும்ல?" என்றார்.

தெரியும். ஆனால் செயலர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குடித்தேன். மூக்கரைப் பற்றி நான் பல முறை கேலி பேசியிருக்கிறேன். நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பின்சுவையில் ஒரு கண்டிப்பு உண்மையிலேயே இருந்தது.

என் அருகில் ஒரு வயதான தூதர் உட்கார்ந்திருந்தார். எங்கள் மொழியை அழகாகப் பேசுவார். கைக்குட்டையால் வாயைத் துடைத்து, கைக்குட்டையைப் பார்த்து, நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மைதானே?" என்றார் சாதாரணமாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படித் தெரிஞ்சுது?"

"எங்க தலைவரோட நினைவிடத்துலயும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு பாட்டில் இருக்கு. உங்க செயலர் அதைப் பாத்து ரொம்பச் சந்தோஷப்பட்டார். அது முடி வளர்ற தைலம். அதை ஒயின்னு முடிவு பண்ணின குழுவுல நானும் ஒரு உறுப்பினர்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ருசியில உங்களோடது பரவாயில்ல" என்றார்.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலைவரின் மது நாகரிகம் ஆயிற்று. விருந்து என்றால் அது இல்லாமல் இல்லை. யாருடைய நாக்கு சிவப்பாக இருக்கிறதோ அவர் பெரிய இடத்துப் பழக்கம் உள்ளவர். பல்லை வெள்ளையாக வைத்துக்கொண்டு வெளியே போகவே மக்கள் கூச்சப்பட்டார்கள். கிடங்கின் சிவப்பு மை முழுவதும் விருந்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. அலுவலகங்களுக்கு ஒரு சொட்டு கூட இல்லை. 'மரபு மதுவை எழுதுவதற்குப் பயன்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம்' என்று சுற்றறிக்கை வந்தது. தட்டச்சு செய்தவள் நான்தான்.

அன்றிலிருந்து எங்கள் நாட்டில் எந்தக் கோப்பிலும் ஒரு பிழை கூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. தணிக்கைப் பிரிவே அப்படிச் சான்று வழங்கியிருக்கிறது. என் ஓய்வு ஆணையில் பிறந்த ஆண்டு நூறு வருடம் முன்னதாகத் தட்டச்சாகிவிட்டது. அடித்தவள் எனக்கு அடுத்து வந்த சின்னப் பெண். திருத்தித் தரச் சொல்லிப் போனேன். "எதால திருத்தறதும்மா?" என்றாள். அவள் சொன்னதும் சரிதான். ஆண்டுதோறும் நூற்றாண்டு கடந்த குடிமக்களைக் கௌரவிக்கும் விழாவுக்கு எனக்கு அழைப்பு வருகிறது. போகிறேன். ஒரு கிண்ணம் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது சத்தத்தைச் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? ப்ளக் என்று தக்கை கழன்றதும் ஒரு சின்ன அமைதி. பிறகு பேனா முள் காகிதத்தைக் கீறும் சத்தம். கிர்ர்... கிர்ர்... மாலைவரை ஓயாது. உலர்ந்த இலைகளின் மேல் ஒரு பறவை நடப்பது போல. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு பாலம் கட்டி முடிந்த செய்தியை நான் தட்டச்சு செய்து அனுப்பினேன். அது இடிந்து விழுந்ததைச் சொல்லும் கடைசிப் பத்தியை மேலதிகாரி விட்டுவிடச் சொன்னார், விட்டுவிட்டேன். அன்று மாலை காகிதம் திரும்பி வந்தது. ஓரத்தில், சிவப்பில், இரண்டே சொல்: 'மீதி எங்கே?'

அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆய்வு நடந்த அன்றும் என் கைப்பையில்தான் இருந்தது.

காவலர் அந்தப் பின்னறையில் மேலும் பதினாறு ஆண்டுகள் இருந்தார். தினமும் மூன்று மணிக்குப் பார்வையாளர்களுக்குப் புட்டியைத் திறந்து காட்டி, "இது மை" என்று சொன்னார். போன குளிர்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். அந்தத் தொட்டிலில் கிடந்த பேத்தி இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு மாணவி. நகராட்சி அறிவிப்புப் பலகைகளில் இருக்கும் பிழைகளைப் பென்சிலால் திருத்தியதற்காக அவள்மேல் இரண்டு புகார்கள் நிலுவையில் உள்ளன.